அரை நாள் போதும்: பிள்ளையோடு ஸ்காட்லாந்தின் கிராமப்புறம் பார்க்க

கிளாஸ்கோவுக்கு வந்த மூன்றாவது வாரமே நாங்கள் ஸ்கை தீவுக்குப் போனோம். புதிதாக வருகிறவர்கள் பலரும் செய்வதுதான். மூன்று குடும்பங்கள், வாடகைக்கு எடுத்த ஒரு வேன், விடியற்காலை நான்கு மணிக்குப் புறப்பாடு. தீவின் பெரிய ஊரான போர்ட்ரீ கிளாஸ்கோவிலிருந்து ஏறத்தாழ 345 கிலோமீட்டர். போக ஐந்தரை மணி நேரம், வர ஐந்தரை மணி நேரம். நடுவில் நாலு இடத்தில் இறங்கி, படம் எடுத்து, ஓடி வந்து மறுபடி ஏறினோம். ஆறு வயது மகள் வளைவுகளில் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். வீட்டுக்கு வந்ததும், “என்னம்மா பார்த்தாய்?” என்று கேட்டேன். “முன் சீட்டின் முதுகு” என்றாள்.

அந்த வேனில் நீங்கள் ஏறாமல் இருப்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். கிளாஸ்கோ, எடின்பரோ பக்கம் புதிதாகக் குடியேறி, ஐந்திலிருந்து பத்து வயதுக்குள் ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு, சனிக்கிழமை காலையில் சன்னலுக்கு வெளியே தூறலைப் பார்த்தபடி ‘இன்றைக்கு என்ன செய்வது’ என்று நிற்கிறவர்களுக்கு. என் கணக்கு எளியது. வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ஓர் இடம். அரை நாள். அங்கே ஒரே ஒரு வேலை. பிடித்திருந்தால், அடுத்த மாதம் மறுபடியும் அதே இடம். ஸ்கை எங்கும் போய்விடாது. பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதாகும்போது மூன்று நாள் தங்குகிற மாதிரி போய் வாருங்கள்.

முதலில், கேட்டைத் திறக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

நம் ஊரில் வேலி என்றால் வேலிதான். அதைத் தாண்டிக் கால் வைத்தால் யாராவது அதட்டுவார்கள். அந்தப் பழக்கத்தோடு வந்ததால், முதல் சில மாதங்கள் வயல் ஓரத்தில் கேட்டைக் கண்டாலே நின்று திரும்பிவிடுவோம். ஒருநாள் ட்ரிமன் என்ற ஊருக்கு அருகில் அப்படி நின்றுகொண்டிருந்தபோது, நாயோடு வந்த ஒரு பெரியவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். தாழ்ப்பாளைத் தூக்கிக் காட்டி, “இது ஆடுகளுக்காகப் போட்டது, உங்களுக்காக இல்லை” என்றார்.

அவர் சொன்னது மரியாதைப் பேச்சு அல்ல, சட்டம். 2003ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்து நிலச் சீர்திருத்தச் சட்டம், பெரும்பாலான நிலங்களிலும் உள்நாட்டு நீர்நிலைகளிலும் பொறுப்போடு நடந்துகொள்ளும் எவரும் போய்வரலாம் என்ற உரிமையைத் தந்திருக்கிறது. 2005 பிப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தது. நிலம் தனியாருடையதாக இருக்கலாம். நடக்கும் உரிமை உங்களுடையது. நேற்று விமானத்தில் வந்து இறங்கியவருக்கும் அது உண்டு. இங்கிலாந்தில் இருக்கும் உறவினர் ‘குறித்த பாதையை விட்டு விலகாதே’ என்று எச்சரித்தால் தவறில்லை, அங்கே நிலைமை வேறு.

உரிமைக்கு எல்லைகளும் உண்டு. வீடுகளைச் சுற்றிய தோட்டம், பள்ளி வளாகம், பண்ணைக் கட்டடங்களின் முற்றம், கட்டணம் வாங்கும் இடங்கள் இதில் சேராது. பயிர் முளைத்த வயலுக்குள் நடக்கக் கூடாது. வரப்போரமாகச் சுற்றிப் போக வேண்டும். கார், மோட்டார் சைக்கிள் எதற்கும் இந்த உரிமை கிடையாது.

பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டியவை நான்கே நான்கு. திறந்திருந்த கேட்டைத் திறந்தபடி விட வேண்டும், மூடியிருந்ததை மூட வேண்டும். ஆட்டுக்குட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் துரத்தக் கூடாது, தூக்கக் கூடாது. கன்றோடு நிற்கும் பசுவுக்கு அருகில் போகவே கூடாது. பசு நமக்குப் பழகிய பிராணி என்ற நினைப்பில் தடவிக்கொடுக்கப் போகிறவர்கள் நாம்தான், இங்கே அது மந்தையாக வந்து முட்டும். மஞ்சள் அட்டை தொங்கும் கம்பி மின்வேலி, தொடக் கூடாது. நான்காவதை எங்கள் வீட்டில் அனுபவத்தில் கற்றார்கள். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் அழுகை அடங்க இருபது நிமிடம் ஆனது.

‘கிஸ்ஸிங் கேட்’ என்று ஒன்று இருக்கிறது. அரைவட்டக் கூண்டுக்குள் முன்னும் பின்னும் ஆடுகிற ஒரு சின்னக் கதவு. ஒருவர் உள்ளே போய் மூலையில் ஒதுங்கி நின்று, கதவைத் தள்ளிவிட்டுத்தான் மறுபக்கம் வெளியேற முடியும். ஆட்டுக்கு இந்த சூட்சுமம் புரியாது. என் மகள் முதலில் ஓடிப்போய்க் கதவைப் பிடித்துக்கொள்வாள். ஒரு விடுகதை சொன்னால்தான் வழி விடுவாள். பதில் அவளுக்குத் தெரிந்துவிட்டால் இன்னொன்று சொல்ல வேண்டும். என் பாட்டியிடம் கேட்டிருந்த விடுகதைகளெல்லாம் ஒரே வசந்தகாலத்தில் தீர்ந்துபோயின.

முதல் மாதம் எங்கே போவது

முதல் வாரம் நகரத்தை விட்டே போக வேண்டாம். கிளாஸ்கோவின் தெற்கில் போலக் கன்ட்ரி பார்க் இருக்கிறது. சென்ட்ரல் நிலையத்திலிருந்து போலக்‌ஷாஸ் வெஸ்ட் வரை ரயில், பிறகு நடை. நெற்றி மயிர் கண்ணை மறைக்கும் ஹைலண்ட் மாடுகள் அங்கேயே மேய்கின்றன. மலைநாடு வரை போய்த் தேட வேண்டியதில்லை. ஆறு, காடு, சேறு மூன்றும் உண்டு. மழை வலுத்தால் ஒதுங்க அருங்காட்சியகமும் உண்டு. புதிதாக வாங்கிய பூட்ஸ் காலைக் கடிக்கிறதா, மழைக்கோட்டு தோளில் ஒழுகுகிறதா என்று பார்க்க இதைவிட நல்ல இடமில்லை. ஒழுகினால் பத்து நிமிடத்தில் ரயில் ஏறிவிடலாம்.

இரண்டாவது, மக்டாக் கன்ட்ரி பார்க். ரயிலில் கடைசி நிலையம் வரை போக வேண்டும். அந்த ஊரின் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தால் ‘மில்ன்கேவி’ என்று வரும். அப்படிக் கேட்டால் டிக்கெட் பரிசோதகர் பெருமூச்சு விடுவார். சொல்ல வேண்டியது ‘மில்கை’. ஃபோர்ட் வில்லியம் வரை 154 கிலோமீட்டர் போகும் வெஸ்ட் ஹைலண்ட் வே என்ற நடைபாதை அந்த ஊரின் நடுவில்தான் தொடங்குகிறது. முதுகில் வீட்டையே தூக்கிக்கொண்டு கிளம்புகிறவர்களோடு சேர்ந்து நீங்களும் ஒரு மணி நேரம் நடக்கலாம். மக்டாக் காட்டுக்குள் திரும்பினால் இடிந்த கோட்டை ஒன்று வரும். கோட்டை என்றால் பிள்ளைகளுக்குக் கால் வலி மறந்துவிடும்.

மூன்றாவது, கார் இருந்தால், வைட்லீ காற்றாலைப் பண்ணை. ஈகிள்ஷம் அருகே மேட்டு நிலத்தில் 215 காற்றாலைகள். முப்பந்தலை ரயில் சன்னலிலிருந்து மட்டுமே பார்த்திருக்கும் நமக்கு, ஒரு காற்றாலையின் அடித்தண்டில் காது வைத்துக் கேட்பது பெரிய விஷயம். பாதை சமம், தள்ளுவண்டியும் போகும். காற்று மட்டும் பேயாக அடிக்கும். குல்லாவுக்கு நாடா இருக்கட்டும்.

நான்காவது வாரம் லாக் லோமண்டின் கிழக்குக் கரையில் உள்ள பல்மஹா. கிரேட் பிரிட்டனின் மிகப் பரந்த நன்னீர் ஏரி இதுதான். ஊருக்குப் பின்னால் கானிக் ஹில் என்ற 361 மீட்டர் குன்று. மேலே ஏறித் திரும்பிப் பார்த்தால் ஏரியில் உள்ள தீவுகள் கோடு போட்டது போல வரிசையாக நிற்கும். அது தற்செயல் அல்ல. தாழ்நிலமும் மலைநாடும் சந்திக்கும் நிலப்பிளவு அந்தக் கோட்டில்தான் போகிறது. மேற்கே அரன் தீவிலிருந்து கிழக்கே ஸ்டோன்ஹேவன் கடற்கரை வரை நாட்டைக் குறுக்கே அறுக்கும் பிளவு அது. ஒரு காலை தாழ்நிலத்திலும் ஒரு காலை மலைநாட்டிலும் வைத்து நிற்கச் சொன்னேன். மகள் அரை மணி நேரம் இறங்கி வர மறுத்தாள். ஏற முடியாத சிறுபிள்ளை என்றால் படகுத்துறையிலிருந்து இஞ்ச்காய்லாக் தீவுக்குப் போகலாம். மே மாதத்தில் அங்கே மரங்களுக்கு அடியில் தரையெல்லாம் நீலப் பூ. படகு பருவத்தைப் பொறுத்தது, முந்தின நாளே விசாரித்துவிடுங்கள்.

எடின்பரோவில் இருப்பவர்கள் பெண்ட்லண்ட் குன்றுகளில் ஃப்ளாட்டர்ஸ்டோன் பக்கம் தொடங்கலாம். அல்லது அரை மணி நேர ரயில் பயணத்தில் நார்த் பெரிக் கடற்கரை. எதிரே தெரியும் பாஸ் ராக் என்ற பாறை கோடையில் வெள்ளையாக இருக்கும். பனி என்று நினைப்பீர்கள். பறவைகள், பல்லாயிரக்கணக்கான கேனட்கள்.

ஓர் இடைச்செருகல்: ‘லாக்’ (ஏரி) என்று நாம் எழுதினாலும் கடைசி ஒலி ‘க்’ அல்ல. தொண்டையை லேசாக உரசி வருகிற ஒலி அது. ஆங்கிலேயர்களுக்கே அது வராது. நமக்கு வரும். ‘அஃது’ என்று சொல்லும்போது ஆய்தம் எழுகிற இடத்தை நினைத்துக்கொண்டு ‘லாஃ’ என்று சொல்லிப் பாருங்கள். பள்ளியில் என் மகளுக்கு இதற்காகவே தனி மதிப்பு.

உடுப்பு

முதல் குளிர்காலத்தில் நாங்கள் ஜீன்ஸ் அணிந்து, குடை பிடித்துக்கொண்டு மலையேறினோம். குடை ஏழாவது நிமிடத்தில் வெளிப்பக்கமாக மடிந்து, கம்பி ஒடிந்து, ஒரு முள்வேலியில் போய் மாட்டிக்கொண்டது. ஜீன்ஸ் முழங்கால் வரை நனைந்து, பிறகு நாள் முழுக்கக் காயவேயில்லை. ஈரப் பருத்தி உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பிள்ளையின் உதடு நீலம் பாய்வதைப் பார்த்த பிறகுதான் ஊர்க்காரர்கள் ஏன் யாரும் குடை எடுத்து வருவதில்லை என்று புரிந்தது.

வாங்க வேண்டியவை: நீர் புகாத மேல்கோட்டு, அதைவிட முக்கியமாக நீர் புகாத கால்சட்டை. பிள்ளை கோட்டை நனைப்பதைவிட உட்கார்ந்து பின்பக்கத்தை நனைப்பதுதான் அதிகம். உள்ளே செயற்கை இழை அல்லது கம்பளிச் சட்டை. முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸை இங்கே ‘வெல்லி’ என்பார்கள். ஆற்றோரத்துக்கும் சேற்றுக்கும் அது சரி, குன்று ஏற வழுக்கும். அதற்குத் தடம் பதிந்த அடிப்பாகம் உள்ள காலணி வேண்டும். எல்லாவற்றையும் புதிதாக வாங்க வேண்டியதில்லை. பிள்ளைகள் ஆறு மாதத்தில் அளவு தாண்டிவிடுவதால் சாரிட்டி கடைகளில் இரண்டு முறை மட்டும் போட்ட பூட்ஸ் நிறையக் கிடைக்கும். ஒரு கூடுதல் கால்சட்டையும் இரண்டு ஜோடிக் காலுறையும் பையில் எப்போதும் இருக்கட்டும். இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியும் ஒரு ஜோடிதான் எடுத்து வருகிறார்கள்.

நேரக் கணக்கு

ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892இல் ஒரு கணக்குச் சொன்னார்: சமதரையில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். இன்றைக்கும் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். கானிக் ஹில்லை எடுத்துக்கொள்ளுங்கள். போய்வர 4 கிலோமீட்டர், ஏற்றம் சுமார் 340 மீட்டர். நைஸ்மித்தின்படி ஒரு மணி இருபது நிமிடம். அவர் பிள்ளையை அழைத்துப் போகவில்லை. இரட்டிப்பாக்குங்கள். நத்தை பார்க்க, குச்சி பொறுக்க, காரணமில்லாமல் உட்கார இன்னும் அரை மணி நேரம் சேருங்கள். ஏறத்தாழ மூன்று மணி நேரம் வரும். எங்களுக்குச் சரியாக மூன்று மணி நேரம்தான் ஆனது.

அந்த மூன்று மணி நேரம் வெளிச்சத்துக்குள் அடங்குகிறதா என்பது அடுத்த கேள்வி. டிசம்பர் கடைசியில் கிளாஸ்கோவில் சூரியன் காலை 8.45க்கு எழுந்து 3.45க்கு மறைகிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்பலாம் என்று நினைத்தால் இருட்டில்தான் இறங்குவீர்கள். ஜூனில் தலைகீழ்: 4.30க்கு விடிந்து இரவு பத்து தாண்டித்தான் அடையும். அப்போது பிள்ளையைத் தூங்கவைப்பது வேறு பிரச்சினை.

வானிலையை முந்தின இரவும் அன்று காலையும் பாருங்கள். ஊருக்கான முன்னறிவிப்பு மலைக்குப் பொருந்தாது. மெட் ஆபிஸ் மலைகளுக்குத் தனியாகத் தருகிறது. மழையைவிடக் காற்றின் வேகத்தைக் கவனியுங்கள். மழையில் நடக்கும் பிள்ளை பலத்த காற்றில் நடக்காது. பாதைகளுக்கு வாக்ஹைலண்ட்ஸ் இணையதளம் போதும். ஒவ்வொரு நடைக்கும் தூரம், ஏற்றம், நேரம் ஆகியவற்றோடு, சேறு எவ்வளவு என்பதற்கும் ஐந்துக்கு ஒரு மதிப்பெண் போட்டிருப்பார்கள். சேற்றில் மூன்றுக்கு மேல் இருந்தால் நான் அந்தப் பக்கத்தை மூடிவிடுவேன். போவதற்கு முன் வரைபடத்தைத் தொலைபேசியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்குகளில் சிக்னல் கிடைக்காது.

அவசரம் என்றால் 999 அழைத்து முதலில் போலீஸ் வேண்டும் என்று சொல்லுங்கள், பிறகு மலை மீட்புக் குழு. அவர்கள் தன்னார்வலர்கள், பணம் கேட்க மாட்டார்கள். சிக்னல் மிகக் குறைவாக இருந்தால் குறுஞ்செய்தி மட்டும் போகலாம். ஆனால் முன்கூட்டியே பதிவு செய்த எண்ணிலிருந்துதான் 999 குறுஞ்செய்தியை ஏற்கும். ‘ரெஜிஸ்டர்’ என்ற சொல்லை ஆங்கிலத்தில் எழுதி 999க்கு இன்றே அனுப்பி, வருகிற பதிலின்படி செய்துவிடுங்கள். இரண்டு நிமிட வேலை.

பஸ்ஸா, காரா

கார் இல்லையே என்று தயங்க வேண்டாம். 2022 ஜனவரி 31 முதல் ஸ்காட்லாந்தில் வசிக்கும் 22 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பஸ் பயணம் இலவசம். ஐந்து வயதிலிருந்து அதற்குத் தனி அட்டை வேண்டும், பெற்றோர் விண்ணப்பிக்கலாம். வந்த முதல் மாதமே செய்துவிடுங்கள். ரயிலில் ஐந்து வயதுக்குக் கீழே இலவசம், பதினைந்து வரை அரைக் கட்டணம். கிராமத்துப் பஸ்ஸில் ஒரே எச்சரிக்கை: முதலில் திரும்பி வரும் கடைசி பஸ்ஸின் நேரத்தைப் பாருங்கள், பிறகு போகும் பஸ்ஸை. ஞாயிறு அட்டவணை வேறு.

கார் ஓட்டுகிறவர்களுக்கு: இந்தியா, இலங்கை ஓட்டுநர் உரிமம் இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் செல்லும். பிள்ளைக்கு 12 வயது அல்லது 135 சென்டிமீட்டர் உயரம், எது முந்துகிறதோ அதுவரை தனி இருக்கை கட்டாயம். ‘பக்கத்தில்தானே, மடியில் வைத்துக்கொள்கிறேன்’ என்ற பேச்சே கிடையாது.

மலைநாட்டில் ஒற்றை வண்டி அகலச் சாலைகள் வரும். ஒரு காருக்கு மட்டும் இடம், ஆனால் இரண்டு பக்கமிருந்தும் வண்டிகள் வரும். சற்றுத் தூரத்துக்கு ஒரு தடவை சாலை கொஞ்சம் புடைத்திருக்கும், அங்கே பலகை நிற்கும். எதிரே வண்டி வந்தால், அந்த இடம் உங்கள் இடப்பக்கம் இருந்தால் அதில் ஒதுங்க வேண்டும். வலப்பக்கம் இருந்தால் அதற்கு நேரே சாலையிலேயே நிற்க வேண்டும். எதிரே வருகிறவர் ஒதுங்கிக் கடப்பார். பின்னால் உள்ளூர்க்காரர் அவசரமாக வந்தாலும் ஒதுங்கி விடுங்கள். அங்கே வண்டியை நிறுத்திவிட்டுப் படம் எடுக்கக் கூடாது. கடந்து போகிறவர்கள் ஸ்டியரிங்கிலிருந்து ஒரே ஒரு விரலை மட்டும் தூக்கி நன்றி சொல்வார்கள். சிலர் இரண்டு விரல், உற்சாகமானவர்கள் முழுக் கை. பின் சீட்டிலிருந்து மகள் இதற்குக் கணக்கு வைப்பாள். வாந்தி நின்றது அந்த விளையாட்டால்தான் என்பது என் மனைவியின் கட்சி.

கோடையில் பல்மஹா போன்ற இடங்களில் பத்து மணிக்குள் கார் நிறுத்துமிடம் நிரம்பிவிடும். நிரம்பியிருந்தால் சாலையோரப் புல்லில் ஏற்றி நிறுத்தாதீர்கள். வேறு இடத்துக்குப் போங்கள்.

சாப்பாடு

புளியோதரை. இதில் எனக்கு விவாதமே கிடையாது. இட்லி குளிரில் கல்லாகிவிடும், தயிர்சாதம் பல்லைக் கூசவைக்கும், சாண்ட்விச்சை நம் பிள்ளை கடித்துவிட்டு வைத்துவிடும். புளியோதரை ஆறினாலும் ருசி குறையாது. கூட ஒரு ஃபிளாஸ்க் ரசம். குன்றின் மேல் காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, மூடியில் ஊற்றிய சூடான மிளகு ரசத்தை ஊதி ஊதிக் குடிக்கும்போது, வழியில் போகிற ஸ்காட்டிஷ்காரர்கள் மோப்பம் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஒரு பாட்டிக்குக் கொடுத்தோம். பதிலுக்கு ஷார்ட்பிரெட் கிடைத்தது.

குப்பைத்தொட்டி பல இடங்களில் இருக்காது. வாழைப்பழத் தோல் உட்பட எல்லாவற்றையும் வீட்டுக்கே கொண்டுவர வேண்டும். கழிப்பறையும் அரிது, புறப்படும் முன் ரயில் நிலையத்திலோ கடையிலோ போய்விட்டு வருவது நல்லது. முடியாத நிலையில், ஓடையிலிருந்தும் ஏரியிலிருந்தும் குறைந்தது 30 மீட்டர் தள்ளி. பெரிய அவசரமென்றால் பாதையை விட்டு நன்றாக விலகி, குழி தோண்டிப் புதைத்து மண்ணை மூட வேண்டும். ஒரு சின்ன மண்வெட்டி பையில் கிடந்தால் மணல் விளையாடவும் ஆகும்.

பூச்சிகள்

மே முதல் செப்டம்பர் வரை, மலைநாட்டில், குறிப்பாக மேற்கில், மிட்ஜ் என்ற பொடிப்பூச்சி உண்டு. கொசுவில் பத்தில் ஒரு பங்கு இருக்காது, ஆனால் படையாக வரும். காற்று மணிக்கு 11 கிலோமீட்டருக்கு மேல் வீசினால் அதனால் பறக்க முடியாது. ஆகவே காற்றில்லாத, ஈரமான, மேகமூட்டமான மாலை வேளையில் ஏரிக்கரையில் உட்காராதீர்கள். சாப்பிடும் இடத்தைக் காற்றோட்டமாகத் தேர்ந்தெடுங்கள். தலைக்கு வலை மூன்று நான்கு பவுண்டில் கிடைக்கும்.

மிட்ஜ் எரிச்சல், அவ்வளவுதான். கவலைப்பட வேண்டியது உண்ணி. ஆடு, மான் நடமாடும் இடங்களில் உயரமான புல்லிலும் பிராக்கன் என்ற பெரணிப் புதரிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். சில உண்ணிகள் லைம் நோயைப் பரப்பும். கால்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகுங்கள். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, தொடையிடுக்கு, அக்குள், காதுக்குப் பின்புறம், தலைமயிர் ஓரம் எல்லாம் விளக்கொளியில் பாருங்கள். கசகசா அளவு கரும்புள்ளி, தட்டினால் போகாது. அதற்கென்றே உள்ள கொக்கியாலோ நுனி கூரான இடுக்கியாலோ தோலை ஒட்டிப் பிடித்து, நசுக்காமல் மேல்நோக்கி இழுக்க வேண்டும். எண்ணெய் வைப்பது, சூடு காட்டுவது போன்ற பாட்டி வைத்தியம் வேண்டாம். அடுத்த சில வாரங்களில் அந்த இடத்தைச் சுற்றி வட்டமாகச் சிவப்பு பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் போய், உண்ணி கடித்த தேதியைச் சொல்லுங்கள்.

காஞ்சொறி போல அரிக்கும் நெட்டில் செடியும் பாதையோரம் நிறைய. அருகிலேயே வளரும் அகன்ற டாக் இலையைத் தேய்ப்பது இங்கத்துப் பிள்ளைகளின் வைத்தியம். பலன் இருக்கிறதோ இல்லையோ, இலையைத் தேடுவதில் அழுகை நின்றுவிடுகிறது.

தண்ணீர்

இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். 2024 ஏப்ரலில் பெர்த்ஷயரில் லின் ஆஃப் டம்மல் என்ற அருவியில், டண்டீயில் படித்துக்கொண்டிருந்த இரண்டு இந்திய மாணவர்கள் நீரில் விழுந்து இறந்தார்கள். நண்பர்களோடு ஒருநாள் சுற்றிப் பார்க்கப் போன இடம் அது. அருவிப் பாறை பாசி படிந்து வழுக்கும். ஏரித் தண்ணீர் வெயில் காலத்திலும் கடுங்குளிர். நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கும் விழுந்த அந்தக் கணத்தில் மூச்சு திணறும். கரையிலிருந்து இரண்டடி வைத்தால் திடீரென்று ஆழமாகும் ஏரிகள் உண்டு. பிள்ளை கணுக்கால் வரை இறங்கலாம், நீங்கள் கை நீட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். அருவியைப் பாதையிலிருந்து பார்த்தால் போதும். படத்துக்காகப் பாறையில் இறங்க வேண்டாம்.

எடின்பரோவின் கிராமண்ட் தீவுக்கு நடந்து போகலாம், ஆனால் கடல் வற்றியிருக்கும்போது மட்டும். வற்றின உச்சத்துக்கு முன் இரண்டு மணி நேரம், பின் இரண்டு மணி நேரம், அவ்வளவுதான். பாதைத் தொடக்கத்தில் நேரப் பலகை இருக்கிறது. அதைப் பார்க்காமல் போய் மாட்டிக்கொள்பவர்களை உயிர்காப்புப் படகில் கூட்டி வருவது அங்கே வாடிக்கை.

ஒரே இடத்துக்கு மறுபடியும்

ட்ரிமனுக்கு அருகே என்ட்ரிக் ஆற்றில் பாட்ஸ் ஆஃப் கார்ட்னெஸ் என்று ஒரு சிறிய பாறைச் சரிவு இருக்கிறது. முதல் தடவை கோடையில் போனோம். ஆறு, கல், அவ்வளவுதான். மகள் கல் எறிந்தாள், வந்துவிட்டோம். அக்டோபரில் மழை பெய்த மறுநாள் போனபோது ஆறு தேநீர் நிறத்தில் நுரைத்துக்கொண்டிருந்தது. கால் மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு அந்த நுரையிலிருந்து முழங்கை நீள மீன் ஒன்று உடம்பை வில்லாக வளைத்து எழும்பியது, பாறையில் மோதி விழுந்தது, மறுபடி எழும்பியது. முட்டையிட மேல்நோக்கிப் போகும் சால்மன். மகள் மூச்சே விடவில்லை. ஏழாவது தாவலில் அது மேலே ஏறியபோது, அருகில் நின்ற முன்பின் தெரியாதவர்களெல்லாம் கை தட்டினார்கள். கோடையில் நாங்கள் கல் எறிந்தது அதே மடுவில்தான்.

நீங்களும் ஓர் இடத்தைத் தேர்ந்துகொண்டு ஆண்டு முழுக்கப் போய்ப் பாருங்கள். பிப்ரவரியில் ஸ்னோடிராப் பூ, ஏப்ரலில் ஆட்டுக்குட்டி, மேயில் நீலப் பூ, ஆகஸ்டில் மலைச்சரிவெல்லாம் ஊதா நிற ஹெதர், செப்டம்பரில் வேலியோரம் முள்ளுக்கொடியில் கறுத்த பிராம்பிள் பழம். பழத்தை வீட்டுத் தேவைக்குப் பறிக்கலாம். நாய்கள் ‘நனைக்கும்’ உயரத்துக்கு மேலே உள்ளதைப் பறியுங்கள்.

தொலைவாகப் போக ஆசை வந்தால் அடுத்த கட்டம் டன்கெல்ட். ரயில் நிலையம் உண்டு. அங்கிருந்து ஹெர்மிடேஜ் காட்டு நடை, பிரிட்டனின் மிக உயரமான மரங்களில் சில அங்கே நிற்கின்றன. ஏப்ரலிலிருந்து ஆகஸ்டு வரை அருகில் உள்ள லாக் ஆஃப் தி லோஸில் மீன் பிடித்துத் தின்னும் ஆஸ்ப்ரே பருந்தின் கூட்டை மறைவிடத்திலிருந்து பார்க்கலாம். ரயிலில் போகும்போது வரைபடத்தை விரித்து ஊர்ப்பெயர்களைப் பிரித்துக் காட்டுங்கள். ‘இன்வர்’ என்றால் ஆற்று முகத்துவாரம், நெஸ் ஆறு கலக்குமிடம் இன்வர்நெஸ். ‘கின்’ என்றால் தலை, லாக் லீவன் என்ற குறுகிய கடல் நீர்ப்பரப்பின் தலைப்பில் இருப்பது கின்லாக்லீவன். நம் ஊர் ‘குளம்’, ‘பட்டி’, ‘துறை’ போலத்தான்.

வீடு திரும்பியதும்

முதலில் உண்ணி பார்த்தல், பிறகு குளியல். ஈர பூட்ஸை ரேடியேட்டர் மேல் வைக்காதீர்கள், ஒட்டு விட்டுவிடும். பழைய செய்தித்தாளைக் கசக்கி உள்ளே அடைத்து, இரவு ஒருமுறை மாற்றினால் காலைக்குள் காய்ந்துவிடும். மழைக்கோட்டைத் துணி மிருதுவாக்கும் திரவம் போட்டுத் துவைத்தால் நீர் தாங்கும் தன்மை போய்விடும்.

துவைக்கப் போடும் முன் பைகளைக் காலி செய்யுங்கள். எங்கள் வாஷிங் மெஷினை ஒருமுறை பிரித்துப் பார்த்தவர் வடிகட்டியிலிருந்து எடுத்து மேசையில் அடுக்கியவை: மூன்று கூழாங்கல், ஒரு பைன் காய், ஆட்டு ரோமம் ஒரு கொத்து, ஒரு காலி நத்தை ஓடு. கட்டணம் எழுபது பவுண்டு. நத்தை ஓடு உடையாமல் வந்ததில் மகளுக்கு மிகுந்த திருப்தி.